லென்ஸ் பார்ப்பது வேறு, நான் பார்ப்பது வேறு

லென்ஸ் வழியாகவே காட்சியைக் காட்டும் எஸ்எல்ஆர் கேமராவில் பழகிய கண்ணோடு, லென்ஸை விட்டுத் தனி ஜன்னல் வழியே காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குள் பார்த்தால், முதலில் திகைக்க வைப்பது அங்கே எதுவுமே மங்கலாக இல்லை என்பதுதான். பக்கத்தில் நாற்காலி, அதைத் தாண்டிக் கதவு, கதவுக்கு வெளியே மரம், மரத்துக்குப் பின்னால் மேகம், எல்லாம் ஒரே தெளிவு. ஃபோகஸைத் திருப்பிப் பார்த்தேன். காட்சி அப்படியே இருந்தது. நடுவில் வெளிறிய மஞ்சளில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் மட்டும் நாற்காலியின் கால் இரண்டாகப் பிரிந்து நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்ப, இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகின. மேலும் திருப்ப, மறுபடி பிரிந்தன. படத்தில் எது கூர்மையாக விழும், எது கரைந்துபோகும் என்பதை இந்தக் கேமரா எனக்குக் காட்டப்போவதில்லை. அதை நான்தான் மனசுக்குள் வரைந்துகொள்ள வேண்டும்.

ஒரு ரோல் முழுக்க எடுத்து, கழுவக் கொடுத்து, நெகட்டிவைக் கையில் வாங்கிப் பார்த்தாயிற்று. இப்போது உறுதியாகவே சொல்வேன்: ரேஞ்ச்ஃபைண்டரின் ருசி முழுக்க இதில்தான் இருக்கிறது.

கேமரா ஒரு நண்பனின் அப்பாவுடையது. கேனன் 1972-இல் கொண்டுவந்த கேனனெட் க்யூஎல்17 ஜி-3. "ஓடுதான்னு பாரு. ஓடுச்சுன்னா நீயே வச்சுக்க. எங்க வீட்ல இத எடுத்துத் தொடைக்கக்கூட ஆள் இல்ல" என்று கொடுத்தான். 40 மி.மீ. லென்ஸ், முழுத் திறப்பு எஃப் 1.7 (இந்த எண் சிறிதாகச் சிறிதாகத் திறப்பு பெரிது). லென்ஸைக் கழற்ற முடியாது. ஷட்டர் அந்த லென்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 1/4 நொடியிலிருந்து 1/500 வரை, அதுபோக, விரலை எடுக்கும்வரை திறந்தே இருக்கும் 'பி'. வெளியே எல்லாம் உலோகம். உள்ளங்கையில் வைத்தால் சைஸுக்கு மீறிய கனம். திரை இல்லை, மெனு இல்லை. ஷட்டர் வேகத்துக்கு ஒரு வளையம், அபெர்ச்சருக்கு, அதாவது லென்ஸின் திறப்புக்கு, ஒரு வளையம், ஃபோகஸுக்கு விரல் வைக்கத் தோதாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் தாழ். அவ்வளவுதான் கேமரா.

ஐம்பது வயது தாண்டிய கேமராவில் நேராக ஃபிலிமைப் போட்டுவிடக்கூடாது. பின்கதவைத் திறந்ததும் ஓரத்துக் காடியில் கறுப்பாக ஏதோ விரலில் ஒட்டியது. வெளிச்சம் உள்ளே கசியாமல் இருக்க வைத்திருந்த ஸ்பாஞ்ச் அது. காலப்போக்கில் இளகித் தார்போல ஆகிவிடும். இந்தக் காலத்து ஜப்பான் கேமராக்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வரும் வியாதி. பல் குத்தும் குச்சியாலும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சாலும் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய புது ஸ்பாஞ்சை நறுக்கி ஒட்டினேன். பிறகு கதவைத் திறந்தபடியே லென்ஸை ஜன்னல் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரைத் தட்டிப் பார்த்தேன். லென்ஸுக்குள் மெல்லிய தகடுகள் விரிந்து மூடும் இந்த வகை லீஃப் ஷட்டரில், தகடுகள்மேல் எண்ணெய் படர்ந்துவிட்டால் திறக்கத் தயங்கும், சிலது திறக்கவே திறக்காது. இதில் 1/4-இல் நிதானமாகத் திறந்து மூடியது. 1/500-இல் கண் சிமிட்டும் முன் ஒரு வெளிச்சப் புள்ளி வந்து போனது. நல்ல சேதி.

பேட்டரி விஷயம் கொஞ்சம் சிக்கல். இதன் லைட் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பிச் செய்தது. பாதரசம் நஞ்சு என்பதால் அந்த பேட்டரிகள் 1990-களிலேயே பல நாடுகளில் விற்பனையிலிருந்து போய்விட்டன. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், போட்டால் மீட்டர் இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாக நினைத்துக்கொள்ளும், படம் கறுத்துப் போகும். அதோடு ஆல்கலைன் தீரத் தீர வோல்ட் இறங்கிக்கொண்டே வரும், தவறும் நாளுக்கு நாள் மாறும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 அளவு ஜிங்க்-ஏர் பேட்டரிதான் சரியான மாற்று. 1.4 வோல்ட், கடைசிவரை கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும். விட்டம் கொஞ்சம் சிறிது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டு உட்கார வைத்தேன். ஒட்டியிருக்கும் தாளைப் பிரித்ததிலிருந்து காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும், சில மாதங்கள்தான் ஆயுள். பரவாயில்லை.

இனி அந்த மஞ்சள் கட்டத்துக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கேமராவிலேயே மிகப் பிடித்த சங்கதி அது.

முகத்துக்கு முன்னால் ஒரு விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறும். விரலைத் தள்ளிக் கொண்டுபோகப் போக மாறும் தூரம் குறையும். ரேஞ்ச்ஃபைண்டர் இதைத்தான் செய்கிறது. கேமராவின் முன்பக்கம் இரண்டு ஜன்னல்கள். ஒன்று நாம் பார்க்கும் வ்யூஃபைண்டர். சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொன்றிலிருந்து வரும் காட்சியை ஒரு கண்ணாடி திருப்பி விடுகிறது. வ்யூஃபைண்டருக்குள் சாய்வாக நிற்கும், பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் இன்னொரு கண்ணாடி, அதை நம் காட்சியின்மேல் கொண்டுவந்து பதிக்கிறது. லென்ஸில் ஃபோகஸைத் திருப்பினால் ஒரு நெம்புகோல் அசைந்து இரண்டாவது காட்சியின் கோணம் மாறுகிறது. இரண்டு காட்சிகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் இடத்தில், இரண்டு ஜன்னல்களும் பொருளும் சேர்ந்த முக்கோணம் முடிந்துவிட்டது, தூரம் அளந்தாயிற்று, லென்ஸும் அதே தூரத்தில் வந்து நிற்கிறது. மின்சாரமே வேண்டாம். பேட்டரி செத்தாலும் இது ஓடும்.

இரண்டு ஜன்னல்களுக்கும் இடைவெளி கூடக் கூட, அளவு துல்லியமாகும். அதனால்தான் புகழ்பெற்ற ஜெர்மன் ரேஞ்ச்ஃபைண்டரான லைக்கா எம்3-இல் அந்த இடைவெளியை 68.5 மி.மீ. வரை வைத்தார்கள், வ்யூஃபைண்டரும் கண்ணால் நேரில் பார்ப்பதற்கு மிக அருகில், 0.91 மடங்கு. என் கையில் இருப்பதுபோன்ற சின்னக் கேமராக்களில் இடைவெளி அதைவிடக் குறைவு. 40 மி.மீ. லென்ஸுக்கு அது போதும்.

நிலைக்குத்தான விளிம்பு ஒன்று கிடைத்தால் கட்டம் சட்டென்று வேலை செய்யும்: கதவு நிலை, மூக்குக்கண்ணாடியின் காது, சட்டையின் பட்டன் பட்டி. காட்சிகள் பக்கவாட்டில் நகர்வதால் கிடைமட்டக் கோடு எவ்வளவு அழுத்தமாக இருந்தாலும் உதவாது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிக்கொண்டு ஃபோகஸ் செய்துவிட்டு மறுபடி நேராக்கிக்கொள்ள வேண்டும். ஜன்னல் கம்பிகள் ஏமாற்றும். ஒரே மாதிரி கம்பிகள் வரிசையாக இருக்கும்போது ஒரு கம்பியின் பிம்பம் பக்கத்துக் கம்பியோடு கச்சிதமாகப் பொருந்திவிடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். அதனால் கம்பியை விட்டுவிட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன். வெற்றுச் சுவர், மூடுபனி, அரையிருட்டு, இங்கெல்லாம் கட்டத்துக்குள் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது.

எஸ்எல்ஆரில் ஃபோகஸ் செய்யும்போது நான் படத்தின் தோற்றத்தைப் பார்க்கிறேன். பின்புலம் எவ்வளவு கரைகிறது, அழகாக இருக்கிறதா என்று கண் அதிலேயே மயங்கி நிற்கும். இதில் அந்த மயக்கம் இல்லை. எதன்மேல் ஃபோகஸ் என்ற ஒரே கேள்விதான். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு போனேன். இந்த லென்ஸ் 0.8 மீட்டருக்குக் கீழே வராது. அபெர்ச்சர் 1.7. அந்தத் தூரத்தில், அந்தத் திறப்பில், கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். கண்ணா, ஊசியா? வ்யூஃபைண்டரில் இரண்டும் தெளிவாகவே இருந்தன. அம்மாவின் முகம், விரல்கள், நூலின் நுனியை ஈரமாக்கிக் கூராக்கியது, எல்லாமே. ஊசியைத் தேர்ந்தெடுத்துக் கட்டத்துக்குள் அதன் இரண்டு கோடுகளையும் ஒன்றாக்கினேன். நெகட்டிவில் ஊசியும் கட்டைவிரல் ரேகையும் நூலும் அப்படியே இருக்கின்றன. முகம் மெல்லக் கரைந்து, இமை தாழ்ந்திருப்பது மட்டும் தெரிகிறது. எடுக்கும்போது நான் பார்க்காத படம் இது. ஆனால் யோசித்த படம்.

வரலாற்றையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லென்ஸோடு சேர்ந்து இயங்கும் ரேஞ்ச்ஃபைண்டரைக் கோடாக் 1916-லேயே தன் 3ஏ ஆட்டோகிராஃபிக் ஸ்பெஷல் கேமராவில் வைத்துவிட்டது. ஆஸ்கார் பார்னாக் வடிவமைத்து 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவில்கூட அது கிடையாது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டும், அல்லது தனிக் கருவியை மேலே மாட்டி அளந்து, அந்த எண்ணை லென்ஸில் வைக்க வேண்டும். 1932-இல் லைக்கா 2, ஸைஸ் ஐகானின் கான்டாக்ஸ், இரண்டும் ஒரே வருடத்தில் ரேஞ்ச்ஃபைண்டரோடு வந்தன. அப்போதும் ஃபோகஸ் பார்க்க ஒரு துளை, படம் பார்க்க இன்னொன்று. 1936-இல் கான்டாக்ஸ் 2 இரண்டையும் ஒன்றாக்கியது. 1954-இல் எம்3 வந்து, வெவ்வேறு லென்ஸுக்கு வெவ்வேறு வெளிச்சச் சட்டங்களை அதே துளைக்குள் காட்டியது. 1959-இல் நிக்கான் எஃப் வந்த பிறகு பத்திரிகைக்காரர்கள் மெல்ல எஸ்எல்ஆர் பக்கம் போய்விட்டார்கள். நீண்ட டெலி லென்ஸுக்கும் பூச்சியை நெருங்கி எடுப்பதற்கும் ரேஞ்ச்ஃபைண்டர் ஆகாது, அதில் வாதமே இல்லை. எம்3-இன் சட்டங்களே 135 மி.மீ.-ஓடு நின்றுவிடும்.

வீடுகளில் மட்டும் அது தங்கியது. 1961-இல் கேனன் தொடங்கிய கேனனெட் வரிசை, யாஷிகா எலெக்ட்ரோ 35, மினோல்டா ஹை-மேட்டிக் எல்லாம் லென்ஸைக் கழற்ற முடியாத குடும்பக் கேமராக்கள்தான். 1962 பிப்ரவரியில் ஜான் க்ளென் பூமியைச் சுற்றியபோது கையில் வைத்திருந்தது இந்த வகைதான்: ஆன்ஸ்கோ என்ற பெயரில் விற்ற மினோல்டா ஹை-மேட்டிக். கையுறையோடு பிடிக்கத் தோதாக அதைத் திருத்திக்கொடுத்தார்கள்.

படத்தின் சட்டத்துக்கு வெளியே இருப்பதும் தெரியும் என்பது எனக்குக் கிடைத்த இரண்டாவது பரிசு. வ்யூஃபைண்டருக்குள் ஒரு வெளிச்சக் கோட்டுச் சட்டம் மிதக்கிறது. அதற்குள் இருப்பதுதான் படம். அதைச் சுற்றியும் உலகம் தொடர்கிறது. வ்யூஃபைண்டர் லென்ஸுக்கு மேலே இடது ஓரத்தில் இருப்பதால் இரண்டும் பார்ப்பது சற்றே வேறு வேறு. கிட்டப் போகப் போக வித்தியாசம் பெரிதாகும். அதைச் சரிக்கட்ட, ஃபோகஸைக் கிட்டே கொண்டுவரும்போது அந்தச் சட்டமே வலப்பக்கம் கீழ்நோக்கி மெதுவாகச் சரிகிறது. அதைப் பார்ப்பதற்காகவே சும்மா திருப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாடிப்படி. கைப்பிடிச் சுவரின் நிழல் படிகளில் மடிந்து மடிந்து விழுந்துகொண்டிருந்தது. சட்டத்தை அதில் வைத்துக் காத்திருந்தேன். மேலே, சட்டத்துக்கு வெளியே, ஒரு பையன் இறங்கி வருவது தெரிந்தது. முதலில் செருப்பு, பிறகு முழங்கால், பிறகு கையில் ஆடும் பை. அவன் எந்தப் படியில் கால் வைத்தால் நிழலின் மடிப்பு அவன்மேல் விழும் என்று பார்த்து வைத்துக்கொள்ள நேரம் கிடைத்தது. எஸ்எல்ஆரில் அவன் சட்டத்துக்குள் நுழைந்த பிறகுதான் இருப்பதே தெரிந்திருக்கும். அவன் அந்தப் படிக்கு வந்தான், அழுத்தினேன். நாணயத்தை நகத்தால் சுண்டும் அளவுக்குத்தான் சத்தம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொன்று அப்போதுதான் உறைத்தது. அழுத்திய கணத்திலும் அவன் என் கண்ணை விட்டு மறையவில்லை. எஸ்எல்ஆரில் படம் பதியும் கணத்தில் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழும்பி வ்யூஃபைண்டரை இருட்டாக்கிவிடும். இத்தனை வருடமாக நான் எடுத்த படங்களில், படமாகிப் போன அந்தக் கணத்தை மட்டும் நான் பார்த்ததே இல்லை. ரேஞ்ச்ஃபைண்டரில் எழும்பக் கண்ணாடி கிடையாது. ஒருவர் கண்ணை மூடிவிட்டார் என்றால் அழுத்தும்போதே தெரியும், இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

வ்யூஃபைண்டரில் லென்ஸ் மூடி தெரியாது, மூடியைக் கழற்றாமலேயே ரோல் முழுக்க எடுத்துவிடுவார்கள் என்பது ரேஞ்ச்ஃபைண்டர்மேல் உள்ள பழைய புகார். கேனனெட்டில் அதற்கு ஒரு அருமையான பதில் இருக்கிறது. மீட்டரின் ஒளி உணரும் கண் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்திலேயே இருப்பதால் மூடி அதையும் சேர்த்து மறைத்துவிடும். ஆட்டோவில் வைத்திருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று முள் சிவப்புக்குப் போய்விடும், ஷட்டர் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு அழுத்தினாலும் நகராது.

ஆட்டோ என்றால், வேகத்தை நாம் வைக்க வேண்டும், அபெர்ச்சரை அது பார்த்துக்கொள்ளும். எந்த அபெர்ச்சர் என்பதை வ்யூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு முள் காட்டும். வளையத்தை 'ஏ'-யிலிருந்து திருப்பி மேனுவலுக்குப் போனால் மீட்டர் தூங்கிவிடும். எனக்கு மேனுவல்தான் பிடித்தது. ஐஎஸ்ஓ 400 (ஒளியை உணரும் திறனின் அளவு) இல்ஃபோர்டு ஹெச்பி5 ஃபிலிம் போட்டிருந்தேன். கொளுத்தும் வெயிலில் 1/500, எஃப் 16. நல்ல வெயிலில் எஃப் 16, வேகம் ஐஎஸ்ஓ எண்ணை ஒட்டி என்ற பழைய 'சன்னி 16' கணக்கு இது, இந்தக் கேமராவின் எல்லையும் சரியாக அங்கேதான் முடிகிறது. நிழலுக்குள் போனால் மூன்று ஸ்டாப் திறக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), மேகம் மூடினால் இரண்டு. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தைத் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளும், அதனால் சந்தேகம் வந்தால் திறந்துவிடுவேன்.

வெயிலில் ஃபோகஸையும் மறந்துவிடலாம். 40 மி.மீ. லென்ஸை எஃப் 16-இல் 3.3 மீட்டருக்கு வைத்துவிட்டால், ஏறக்குறைய 1.7 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை ஏற்றுக்கொள்ளும்படி தெளிவாக விழும். கண்ணில் வைக்கவேண்டும், சட்டத்துக்குள் வாங்கவேண்டும், அழுத்தவேண்டும். எந்த ஆட்டோஃபோகஸும் இதைவிட வேகமாக இருக்க முடியாது, ஏனென்றால் ஃபோகஸ் முன்பே முடிந்துவிட்டது. நடமாட்டம் உள்ள இடங்களில் இது கொடுக்கும் விடுதலையை நான் எதிர்பார்க்கவில்லை.

லேபிலிருந்து நெகட்டிவ் வந்ததும் ஸ்கேனைத் திறக்காமல், கீற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முழுத் திறப்பில் லென்ஸ் கொஞ்சம் மிருதுவாகத்தான் இருக்கிறது. வெயிலுக்கு நேரே பிடித்த படங்களில் வெளிச்சம் பாலாகப் பரவியிருக்கிறது. எஃப் 4-க்கு வந்ததும் சட்டையின் நெசவு தெரிகிறது. மாடிப்படிப் படத்தில் நிழல் மடிப்பு பையனின் தோளைச் சரியாக வெட்டுகிறது. தூரத்தில் இருப்பவை எல்லாம் கூர்மை, ஆகவே ரேஞ்ச்ஃபைண்டர் தன் அளவிலிருந்து விலகவில்லை. வாங்குமுன் இதை ஃபிலிம் இல்லாமலேயே சோதிக்கலாம்: லென்ஸைக் கடைசித் தூரத்துக்குத் திருப்பிவிட்டு நிலாவையோ தொலைவில் உள்ள கோபுரத்தையோ கட்டத்துக்குள் பாருங்கள். ஒன்றாகத் தெரிய வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாகத் தெரிந்தால், அல்லது கட்டமே தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்கு வெளுத்திருந்தால், உள்ளே கண்ணாடியில் வேலை இருக்கிறது. வெளித்தோல் எவ்வளவு பளபளத்தாலும் அந்தக் கேமராவை விட்டுவிடுவேன்.

லைக்காதான் வாங்கவேண்டும் என்று காத்திருப்பவர்களிடம் என் கருத்து: காத்திருக்க வேண்டாம். லென்ஸ் மாற்றும் வசதி இல்லாததே தொடக்கத்தில் பெரிய உதவி. ஒரே லென்ஸ் என்றால் அதன் சட்டம் சில நாளில் கண்ணிலேயே பதிந்துவிடுகிறது. கேமராவை எடுக்கும் முன்பே எங்கே நிற்க வேண்டும் என்று காலுக்குத் தெரிந்துவிடுகிறது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் மட்டும் கண் வைக்கும் துளையைக் கவனியுங்கள். இதில் விளிம்பு உலோகம், கண்ணாடியில் கீறல் விழும். மெல்லிய ரப்பர் ஒன்றை வட்டமாக வெட்டி ஒட்டிக்கொள்வது நல்லது.

அடுத்த ரோலுக்கு 48 மி.மீ. மஞ்சள் ஃபில்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். மீட்டரின் கண்ணும் ஃபில்டருக்குப் பின்னாலேயே இருப்பதால் எக்ஸ்போஷர் கணக்கைக் கேமராவே ஆட்டோவில் சரிசெய்துகொள்ளும். நீலம் சற்றுக் கறுத்து, வெண்மேகம் எழும்பி நிற்க வேண்டும். வ்யூஃபைண்டரில் வானம் எப்போதும்போலத்தான் தெரியும். எவ்வளவு கறுத்தது என்பது லேபிலிருந்து வந்த பிறகுதான். மழைக்கால மேகம் திரண்டதும் தொடங்கிவிடுவேன்.